அச்சத்துக்கு அரைக்கால் மைல்

ஓர் அற்புதத்துக்கு எவ்வளவு அருகில் மனிதன் படுத்துறங்கலாம்? அமெரிக்க நாடாளுமன்றம் இந்தக் கேள்விக்கு மைல் கணக்கில் பதில் சொல்லியிருக்கிறது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், மண்ணுக்குள்ளிருந்து கொதிநீரைப் பீய்ச்சியடிக்கும் ஊற்றுகளைச் சுற்றிக் கால் மைல் தூரத்துக்குள் விடுதி கட்டக்கூடாது என்றிருந்தது விதி. விடுதித் தொழிலுக்கு அது பொருந்திவரவில்லை. ஊற்றைப் பார்க்க வருகிறவர் அதன் வாசலிலேயே தங்கத்தான் விரும்புவார். 1894 ஆகஸ்டில் வந்த சட்டம் அந்தத் தூரத்தை அரைக்கால் மைலாகக் குறைத்தது. ஏறத்தாழ 200 மீட்டர்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1904 கோடையில், அந்த எல்லையை ஒட்டியே ஒரு மரவீடு எழுந்து நின்றது. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன். எதிரே இருக்கும் ஊற்றின் பெயரையே விடுதிக்கும் வைத்தார்கள். 1870-இல் அந்தப் பக்கம் வந்த வாஷ்பர்ன் ஆய்வுப் பயணக் குழுவினர், முறை தவறாமல் பொங்கியெழுந்த ஊற்றைக் கண்டு சூட்டிய பெயர் அது. நீர் 30 மீட்டருக்கும் மேலே எழும். சில நாள் 50 மீட்டரைத் தாண்டும். ஒன்றரை நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் வரை நின்றாடிவிட்டு அடங்கும்.

விடுதியை வடிவமைத்த ராபர்ட் ரீமருக்கு அப்போது வயது 29. பூங்காவில் விடுதிகள் நடத்திய ஹாரி சைல்ட் அவரை அழைத்துவந்தார். நார்தர்ன் பசிபிக் ரயில்வே கடன் கொடுத்தது. செலவு ஏறக்குறைய 1,40,000 டாலர். 1903-04 குளிர்காலத்தில், பனி மூடிய மேட்டுநிலத்தில் தச்சர்கள் வேலை செய்தார்கள். மரம் வெளியூரிலிருந்து வரவில்லை. சுற்றிலும் நின்ற லாட்ஜ்போல் பைன் மரங்களையே வெட்டினார்கள். கல்லும் அந்த மண்ணின் கல்தான். ரையோலைட் என்பது எரிமலைக் குழம்பு உறைந்து ஆன பாறை. சுமார் 500 டன் ரையோலைட்டை அடுக்கி நடுக்கூடத்தில் ஒரு பெரும் கணப்பைக் கட்டினார்கள். ஒரு காலத்தில் நெருப்பாக ஓடிய கல், இப்போது நெருப்பைச் சுமக்கிறது.

கூடத்துக்குள் நுழைகிறவர் முதலில் செய்வது அண்ணாந்து பார்ப்பது. கூரை 76 அடிக்கும் மேலே இருக்கிறது. அதை நோக்கி மாடம் மாடமாக மரத்தூண்கள் ஏறுகின்றன. அவற்றைத் தாங்கும் முட்டுக்கைகளுக்கு ரீமர் நேரான மரத்தைத் தேடவில்லை. வளைந்தும் முறுக்கேறியும் கணுக் கணுவாய்ப் புடைத்தும் வளர்ந்த கிளைகளைப் பொறுக்கியெடுத்துப் பொருத்தினார். கூரைச் சரிவின் சாளரங்கள் ஒன்றுக்கொன்று அளவிலும் வரிசையிலும் ஒத்துப்போகாமல் சிதறிக் கிடக்கின்றன. அடர்ந்த காட்டில் இலைகளுக்கிடையே வெளிச்சம் இறங்குவதுபோல அவை வழியே ஒளி விழுகிறது. உள்ளே நின்ற மரங்கள் பட்டையோடுதான் இருந்தன, 1940-இல் உரித்தெடுக்கும் வரை. ஆனால் இந்தக் காட்டுக்கு நடுவே, திறந்த நாளிலிருந்தே மின்விளக்கு எரிந்தது. நீராவிக் குழாய்கள் அறைகளுக்குச் சூடேற்றின.

இங்கே ஒரு சமயக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கூடத்தைக் கண்டவர்கள் பலரும் கோயில், பேராலயம் என்ற சொற்களுக்குப் போய்விடுகிறார்கள். அமெரிக்க இயற்கை எழுத்திலேயே அந்தப் பழக்கம் ஆழமானது. ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்டுவதை எதிர்த்த இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர், அது தேவாலயங்களை நீர்த்தொட்டியாக்குவதற்குச் சமம் என்று வாதாடினார். சரி, இயற்கை கோயிலென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சூடான அறையில் தூங்கியெழுந்து, சிற்றுண்டி முடித்து, முற்றத்துக்கு வந்து நின்று பார்க்கிற வியப்பு பக்தியாகுமா? தன்னை எதுவும் செய்யாது என்று உறுதி தெரிந்த பிறகு ஒருவர் அடைகிற சிலிர்ப்பில் தெய்வம் எவ்வளவு, பொழுதுபோக்கு எவ்வளவு?

தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் இந்த வியப்புக்குச் சார்பாக நிற்பார். 1790-இல் வெளிவந்த தமது மூன்றாவது விமர்சன நூலில், தொங்கும் பாறைகள், இடிமுகில்கள், எரிமலைகள், சூறாவளிகள் ஆகியவற்றை அடுக்கி, இவை எவ்வளவு அச்சமூட்டுகின்றனவோ அவ்வளவு நம்மை ஈர்க்கும் என்கிறார், ஒரு நிபந்தனையோடு: நாம் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். பயந்து ஓடுகிறவனால் பெருமையை உணர முடியாது. பாதுகாப்பான இடத்தில் நிற்கிறவனுக்குத்தான் தன் உடலின் சிறுமையும், அந்தச் சிறுமைக்கு அடங்காத தன் அறிவின் உயரமும் ஒருசேரப் புலப்படும். அதே இடத்தில் கடவுளையும் பேசுகிறார். குற்றவுணர்வில் நடுங்கிச் சுருளுவது உண்மையான வணக்கம் அல்ல; கடவுள் அஞ்சத்தக்கவர் என்று உணர்ந்தும் அவரிடம் அஞ்சாமல் நிற்பதே வணக்கம் என்பது அவர் முடிவு. கோனிக்ஸ்பர்க் வட்டாரத்தை விட்டு அதிகம் நகராத அந்தப் பேராசிரியர், இப்படியொரு மரவிடுதிக்கு நூறாண்டுக்கு முன்பே தத்துவ அடித்தளம் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று சொல்லலாம்.

அந்தத் தத்துவம் விடுதியின் கூரையிலேயே உருவம் பெற்றிருந்தது. உச்சியில் ஒரு மேடை. அதில் ஒரு தேடுவிளக்கு. இருட்டில் ஊற்று எழும்போது விளக்கின் கற்றையை அதன்மேல் திருப்பினார்கள். விருந்தினர் கூரையிலும் முகப்பு மாடத்திலும் நின்று, வெளிச்சத்தில் குளித்த நீர்த்தூணைக் கண்டு களித்தார்கள். அது அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி அந்தக் கற்றையோடு சேர்ந்தே எழுகிறது. வழிபடுகிறவன் தான் பார்க்கப்படுவதாக உணர்வான். இங்கே விளக்கு மனிதன் கையில் இருந்தது.

ருடால்ஃப் ஓட்டோ இந்த இடத்தில் குறுக்கிடுவார். ஜெர்மானிய இறையியலாளரான அவர் 1917-இல் எழுதிய ‘புனிதம்’ பற்றிய நூலில், சமயத்தின் வேரில் இருப்பது அறமோ அறிவோ அல்ல, நடுக்கம் என்றார். முற்றிலும் வேறான ஒன்றின் முன் நிற்கும்போது வரும் நடுக்கம். அது விரட்டவும் செய்யும், இழுக்கவும் செய்யும். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நீர்த்துப்போகும். இந்தியாவுக்கும் பயணம் செய்தவர் ஓட்டோ. தம் கருத்துக்குச் சான்றாகக் கீதையின் பதினோராம் அத்தியாயத்தையும் எடுத்துக்கொண்டார். விசுவரூபத்தைக் காட்டு என்று கேட்டவன் அர்ஜுனன். காட்டப்பட்டதும் தாங்க முடியாமல், பழைய இனிய வடிவத்தோடு வா என்று கெஞ்சியவனும் அவனே.

அர்ஜுனனின் அந்த இரண்டாவது வேண்டுதலை இழிவாக நினைக்க இடமில்லை. கண்ணனே அதற்கு இணங்குகிறான். தாங்கமுடியாத பேருருவத்தோடு யாராலும் நெடுநேரம் வாழ முடியாது. பழகிய முகம் வேண்டும், அமர ஒரு திண்ணை வேண்டும். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் விடுதி அந்தப் பழகிய முகம் என்று கொண்டால் அதில் தவறில்லை. வேறுபாடு வரிசையில்தான் இருக்கிறது. அர்ஜுனன் முதலில் கண்டான், பிறகு கேட்டான். பயணி முதலில் அறையைப் பதிவுசெய்கிறார், பிறகு பார்க்கிறார். நடுங்குவதற்கு முன்பே ஆறுதல் கிடைத்துவிடுகிறது.

இவ்வளவோடு வழக்கை முடித்துவிட முடியாதபடி, ஓட்டோவின் சொந்த அனுபவமே தடுக்கிறது. அவருடைய சிந்தனைக்கு வித்திட்ட நிகழ்ச்சி எரிமலை விளிம்பிலோ பாலைவனத்திலோ நடக்கவில்லை. 1911-இல் மொராக்கோவின் மொகதோர் நகரில், எளிய ஒரு யூதத் தொழுகைக்கூடத்தில், கடவுளைப் புனிதர் என்று மும்முறை விளிக்கும் எபிரேய வேண்டுதலைக் கேட்டபோது நடந்தது. சுவர் இருந்தது, கூரை இருந்தது, ஆபத்து எதுவும் இல்லை. ஆக, கட்டடம் நடுக்கத்தைக் கொன்றுவிடும் என்று சொல்வதற்கில்லை. எந்தக் கட்டடம், எதை மறைக்கிறது, எதை மறைக்காமல் விடுகிறது என்பதே கேள்வி.

யெல்லோஸ்டோன் நெடுங்காலம் மறைத்த ஒன்று உண்டு. இங்கே மனிதர்கள் 11,000 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகிறார்கள். இங்குள்ள எரிமலைக் கண்ணாடிப் பாறையிலிருந்து பெயர்த்த துண்டுகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே ஒஹாயோவின் பழைய புதைமேடுகள் வரை போயிருக்கின்றன. இன்று 27 பழங்குடி இனங்கள் இந்த நிலத்தோடு தங்களுக்குள்ள தொடர்பைப் பேணுகின்றன. அவர்களில் ஷோஷோனி மக்களின் ஒரு பிரிவினரான டுக்குடிக்கா, காட்டுச் செம்மறிகளை வேட்டையாடி இந்த மலைகளிலேயே குடியிருந்தார்கள். மரக்கழிகளைக் கூம்பாகச் சாய்த்து அவர்கள் கட்டிய குடில்களின் எச்சங்கள் இருபதாம் நூற்றாண்டிலும் பூங்காவுக்குள் நின்றன. அந்த மலையில் முதல் மரவீடு கட்டியவர் ரீமர் அல்ல.

1872-இல் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1877-இல் அமெரிக்கப் படை துரத்த, நெஸ் பெர்ஸே பழங்குடி மக்கள் குழந்தை குட்டிகளோடு பூங்காவுக்குள் புகுந்து தப்பியோடினார்கள். வழியில் சுற்றுலா வந்த கூட்டத்தோடு மோதல் நேர்ந்து உயிர்ச்சேதமும் ஆயிற்று. இது வெளியே பரவினால் பயணிகள் வருவார்களா? அப்போது கண்காணிப்பாளராக இருந்த ஃபிலீட்டஸ் நாரிஸ் ஒரு கதையை ஊக்கமாகப் பரப்பினார். பழங்குடியினர் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டு மூடநம்பிக்கையால் நடுங்குகிறவர்கள். அதனால் அந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்பது கதை. டுக்குடிக்கா மக்களோ அந்த ஆண்டுகளிலேயே பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டு ஒதுக்கிடங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கதை வழிகாட்டிகளின் வாயில் உலவியது. மானிடவியலாளர் பீட்டர் நபோக்கோவும் தொல்லியலாளர் லாரன்ஸ் லோயன்டார்ஃபும் 2004-இல் வெளியிட்ட நூல் அதை ஆதாரங்களோடு மறுத்தது. அந்த மக்கள் ஊற்றுகளிலிருந்து விலகி ஓடவில்லை. வேண்டுதலுக்கும் நோன்புக்கும் மருந்துக்கும் அவற்றிடம் வந்தார்கள்.

இதில் வலிப்பது பொய் மட்டுமல்ல. ஒரே நடுக்கம், ஒருவரிடம் இருந்தால் மூடத்தனம், இன்னொருவரிடம் இருந்தால் ரசனை என்று பிரித்து வைத்த தராசுதான். கான்ட்டிடமே அந்தத் தராசு இருந்தது. பண்பாடு பெறாத மனிதனுக்கு மலையின் பெருமை வெறும் பயமாகவே தெரியும் என்று எழுதி, பனிமலைகளை விரும்பிப் போகிறவர்களை முட்டாள்கள் என்று சொன்ன ஒரு சவோய் உழவனை உதாரணம் காட்டுகிறார். அந்த உழவனுக்கு மலை காட்சிப்பொருள் அல்ல. அவன் வீட்டை எந்தப் பனிக்காலத்திலும் சரித்துவிடக்கூடிய அண்டைவீட்டுக்காரன். அவனுக்குத் தெரிந்தது கான்ட்டுக்குத் தெரியாது. பாதுகாப்பான இடத்தில் நிற்கிறவனுக்கு மட்டுமே உண்மை தெரியும் என்ற எண்ணம், அங்கேயே குடியிருந்தவர்களின் அறிவைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டது. அவர்கள் அச்சத்தோடும் அன்போடும் அந்த இடத்தில் குடும்பம் நடத்தினார்கள். ஓட்டோ தேடிய இரண்டும் அவர்களிடம் ஒன்றாக இருந்தன.

இன்று ஊற்றின் அடுத்த எழுச்சியைக் காவலர்கள் கணித்து அறிவிக்கிறார்கள். கணிப்பு முறை எளியது. கடந்த முறை குறைந்த நேரமே பாய்ந்திருந்தால் அடுத்தது விரைவில் வரும். நெடுநேரம் பாய்ந்திருந்தால் ஒன்றரை மணிநேரம் போலக் காத்திருக்க வேண்டும். பத்து நிமிடம் முன்பின் ஆகலாம். விடுதிக் கூடத்தின் கணப்பில், ரீமர் வரைந்து கொடுக்க, கட்டடம் எழுந்த இடத்திலேயே கொல்லர் அடித்த பெரிய இரும்புக் கடிகாரம் தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே காப்பியை முடித்துவிட்டு எழுந்து போகலாம். கால அட்டவணைக்குள் வந்துவிட்டது என்பதால் வியப்பு போய்விடும் என்று வருந்த வேண்டாம். சூரியன் எப்போது உதிக்கும் என்று தெரிந்தவர்கள்தானே காலங்காலமாக அதைக் கைகூப்பி வணங்கியிருக்கிறார்கள்.

வியப்பைக் கெடுப்பது, அட்டவணை தனக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி என்று எண்ணுவதே. 1959 ஆகஸ்ட் 17 அன்று இரவு பதினொன்றரை மணிக்குமேல், வடமேற்கே ஹெப்கன் ஏரி அருகில் நிலம் அதிர்ந்தது. அளவு 7-க்கும் மேல். பூங்காவுக்கு வெளியே மலைச்சரிவு விழுந்த பள்ளத்தாக்கிலும் சுற்றுப்புறத்திலும் 28 பேர் மாண்டார்கள். விடுதியில் உணவுக்கூடத்தின் புகைபோக்கி இடிந்து கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. அந்நேரம் அங்கே யாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. விருந்தினர் போட்ட உடையோடு வெளியே ஓடினார்கள். நடுக்கூடத்தின் உச்சியில், இசைக்குழு உட்கார்ந்து வாசிப்பதற்கென்று ரீமர் கட்டிய மரக்கூடு அன்றோடு விருந்தினருக்கு மூடப்பட்டது. அந்த அதிர்ச்சிக்குப் பின் பூங்காவில் நூற்றுக்கணக்கான வெந்நீர்ச் சுனைகள் பீறிட்டன. அவற்றில் பல அதற்குமுன் எழுந்ததாகப் பதிவே இல்லாதவை. ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லின் இடைவெளியும் பின்வந்த ஆண்டுகளில் நீண்டுகொண்டே போயிற்று.

1988-இல் நெருப்பு வந்தது. அந்தக் கோடையில் பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பரப்பைத் தீ தொட்டது. விடுதியை நோக்கி வந்த தீ இயற்கையில் பற்றியதும் அல்ல. பூங்காவுக்கு வெளியே மரம் வெட்டிய ஒருவர் எறிந்த சிகரெட்டில் தொடங்கியது. செப்டம்பர் 7 பிற்பகல், மேற்கிலிருந்து பலத்த காற்று அதை ஊற்றுப் பள்ளத்தின்மேல் தள்ளியது. கங்குகள் பறந்தன. உலர்ந்த பைன் மரத்தாலான அவ்வளவு பெரிய வீடு எரிய ஒரு கங்கு போதும். தீயணைப்பாளர்கள் கூரையை நனைத்துக்கொண்டே இருந்தார்கள். முந்தைய ஆண்டுதான் கூரைக்கு நீர்த்தெளிப்பான்கள் பொருத்தியிருந்தார்கள். காற்று திசை மாறியது. பக்கத்தில் சில சிறு கட்டடங்கள் எரிந்தன, விடுதி தப்பியது. சில நாளில் பனி விழுந்து தீ அடங்கத் தொடங்கியது.

அந்த இரவும் இந்தப் பகலும் கான்ட்டின் வாதத்தில் விடுபட்டதைச் சொல்லிவிட்டன. பாதுகாப்பான இடம் என்று அவர் சொன்னது ஒரு இடமே அல்ல, கொஞ்ச காலம். இந்த விடுதியே ஒரு பெரும் எரிமலைவாயின் உள்ளே நிற்கிறது. கடைசியாக அது பேரளவில் வெடித்து ஆறு லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, அவ்வளவுதான். ரீமரின் கட்டடம் அதை மறைக்கவில்லை என்பதில்தான் அதன் நேர்மை இருக்கிறது. தீ தின்னக்கூடிய மரத்தாலேயே, அந்த நிலத்தின் நெருப்பிலிருந்து வந்த கல்லாலேயே அது கட்டப்பட்டது. கான்கிரீட்டும் கண்ணாடியும் தரக்கூடிய மறதியை அது தருவதில்லை. அங்கே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவர், தன் தலைக்குமேல் இருப்பது இரவலாகக் கிடைத்த கூரை என்று உணர முடிந்தால், அந்த உணர்வில் பக்தி இருக்கிறது. அறைக் கட்டணத்தோடு அதிசயத்தையும் வாங்கிவிட்டதாக உணர்ந்தால் இல்லை. இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.

பூங்காவின் வெந்நீர்ச் சுனைகளில் இறங்கியும் தவறி விழுந்தும் இறந்தவர்கள் இதுவரை இருபதுக்கும் மேல். அவர்களில் குழந்தைகளும் உண்டு. பாதுகாப்பை இகழ்ந்து பேசுகிற எவரும் இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும். பலகைநடையின் கைப்பிடி பக்திக்குத் தடை அல்ல.

லாட்ஜ்போல் பைனுக்கு ஒரு குணம் உண்டு. அதன் கூம்புகளில் பல, பிசினால் இறுக மூடி ஆண்டுக்கணக்கில் மரத்திலேயே கிடக்கும். தீயின் வெப்பம் பட்டால்தான் பிசின் இளகி விதை உதிரும். 1988-இல் எரிந்த சரிவுகளில் இன்று அடர்ந்து நிற்பது அப்படிப் பிறந்த காடு. அதே மரம் இன்னொரு செய்தியையும் வைத்திருந்தது. ஊற்றின் மேட்டிலேயே, சிலிக்கா படிந்து கல்லாய் இறுகிய மரத்துண்டுகள் கிடைத்தன. ஆய்வாளர்கள் அவற்றின் வயதைக் கணித்து 2020-இல் வெளியிட்டார்கள். அவை பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் அங்கே வளர்ந்த லாட்ஜ்போல் பைன்கள். கொதிநீர் பாய்ந்துகொண்டிருந்தால் அந்த மேட்டில் மரம் முளைத்திருக்காது. கடும் வறட்சி நீண்டதால், பல பத்தாண்டுகள் ஊற்று பாயாமலே இருந்திருக்கிறது. புவி வெப்பமடைந்து வறட்சி கூடினால் இடைவெளி இன்னும் நீளலாம், மறுபடி நின்றும் போகலாம் என்று அந்த ஆய்வு எச்சரிக்கிறது.

ஊற்று நின்றிருந்த அந்தக் காலத்திலும் அந்த மலைகளில் மனிதர்கள் இருந்தார்கள். நீர் பாயாத ஊற்றும் அவர்கள் நிலத்தின் ஒரு பகுதிதான். அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு, பூங்காவின் 150-ஆம் ஆண்டான 2022-இல், ஓல்ட் ஃபெய்த்ஃபுல் பகுதியிலேயே பழங்குடி மரபு மையம் ஒன்று திறக்கப்பட்டது. கோடையில் பல இனங்களின் கலைஞர்களும் அறிஞர்களும் அங்கே வந்து அமர்ந்து வேலை செய்கிறார்கள், வருகிறவர்களோடு பேசுகிறார்கள். விடுதியிலிருந்து அது சில நிமிட நடை. அறிவிப்பில் இன்னும் ஒரு மணிநேரம் என்று போட்டிருந்தால், கடிகாரத்தின் எதிரில் உட்கார்ந்திருப்பதைவிட அங்கே போய், இந்த இடத்தில் எப்படி நிற்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்கலாம்.